என்எஃப்எஸ் ஃபோல்டரில் (நெட்வொர்க் வழியாக, வேறொரு சர்வரில் இருக்கும் ஃபோல்டரில்) பெரிய ஃபைல் வேகமாக காப்பி ஆகிறது, மற்ற எல்லாமே இழுக்கிறது. ஏன்?

பெரிய ஃபைல் விநாடிக்கு 110 எம்பி வேகத்தில் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிகாபிட் லைனில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதனால் வயரை விடுங்கள், சுவிட்சை விடுங்கள். முக்கியமாக, புது நெட்வொர்க் கார்டு வாங்கச் சொல்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். "மேக் கொடுத்தால், எதுவும் மாறவில்லை என்று சொல்வதற்கே அரை நிமிடம் ஆகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை பதில் எழுத உட்கார வைத்தது. (மேக் என்பது, மாறிய ஃபைல்களைக் கண்டுபிடித்து அவற்றை மட்டும் வைத்து புரோகிராமை மறுபடி கட்டும் கமாண்ட்.) ஒரு காலத்தில் இதையே தினமும் முப்பது பேர் என் மேஜைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

உங்கள் நிலைமையை நானாக யூகித்துக்கொள்கிறேன். இந்த சிஸ்டத்தை நீங்கள் அமைக்கவில்லை. முன்னால் இருந்தவர் அமைத்துவிட்டு, ஒரு வரி குறிப்புகூட எழுதி வைக்காமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது எது நின்றாலும் உங்கள் தலையில் விடிகிறது. சரிதானே?

எனக்கு நடந்தது கோயம்புத்தூரில், ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். எல்லாருடைய ஹோம் டைரக்டரியும் (அவரவர் சொந்த ஃபோல்டர்) ஒரே சர்வரில், என்எஃப்எஸ் வெர்ஷன் 3 வழியாக. காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தால் போதும், ஊர ஆரம்பித்துவிடும். மேனேஜர் வெண்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து சர்வரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "பத்து கிக் கார்டு போட்டா பறக்கும் சார்" என்றார். இரண்டே நாளில் அப்ரூவல் கிடைத்தது. இதே ஆபீஸில் யுபிஎஸ் பேட்டரி மாற்றச் சொல்லி நான் போட்ட மெயில் எட்டு மாதமாகக் கிடந்தது. நாலு தடவை ரிமைண்டர் போட்டேன். "பட்ஜெட் வரட்டும்" என்றார்கள். பேட்டரி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, கார்டுக்கு ஒரு பச்சை லைட் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்டு வந்தது, மாட்டினோம், பச்சை லைட் எரிந்தது. மேக் அதே அரை நிமிடம்.

அன்று சாயங்காலம்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். ஒருவருடைய மெஷினில் எந்த வகைக் கேள்வி எத்தனை தடவை போனது என்று எண்ணும் என்எஃப்எஸ்ஸ்டாட் கமாண்டை, கிளையன்ட் (சர்வரிடம் கேட்கும் அந்த மெஷின்) கணக்கு மட்டும் காட்டும்படி ஓட்டி, மேக் கொடுத்து, மறுபடி ஓட்டி, இரண்டுக்கும் நடுவே எது எவ்வளவு ஏறியது என்று கழித்துப் பார்த்தேன். ரீட், ரைட் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எண்பதுக்கு மேல் கெட்ஆட்டர். அதாவது "இந்த ஃபைல் மாறிவிட்டதா, கடைசியாக எப்போது மாறியது" என்று சர்வரிடம் கேட்பது. பதில் நூற்றுச் சொச்சம் பைட்தான். மளிகைக் கடைக்கு நடையாய் நடந்து ஒவ்வொரு தடவையும் "அண்ணாச்சி, விலை மாறிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், அதற்கு லாரி எதற்கு?

கணக்கு போட்டுப் பாருங்கள். மேக் தொடும் ஃபைல்கள் சுமார் 15,000. ஃபைலுக்கு மட்டுமல்ல, அதற்கு மேலே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து, ஃபைல் ஒன்றுக்கு நாலு கேள்வி. 60,000 கேள்வி, ஒன்றுக்கு அரை மில்லிசெகண்ட். முப்பது விநாடி.

ஆனால் சாதாரணமாக கிளையன்ட் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்காது. ஒரு தடவை வாங்கிய பதிலை ஃபைலுக்கு 3 முதல் 60 விநாடி, ஃபோல்டருக்கு 30 முதல் 60 விநாடி வரை கையில் வைத்துக்கொள்ளும். இங்கே ஏன் வைத்துக்கொள்ளவில்லை? எந்த ஃபோல்டர் எந்த ஆப்ஷன்களோடு மெஷினில் இணைக்கப்பட்டிருக்கிறது (மவுண்ட்) என்று காட்டும் /ப்ராக்/மவுண்ட்ஸ் ஃபைலைத் திறந்தேன். வரிசையாக எழுதியிருந்த ஆப்ஷன்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று: நோஏசி. அட்ரிப்யூட் கேஷே வேண்டாம், அதாவது அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்று அர்த்தம். போதாக்குறைக்கு, இதைப் போட்டால் ரைட் எல்லாமும் சிங்க் ஆகிவிடும், சர்வர் பதில் சொல்லும் வரை புரோகிராம் காத்திருக்கும்.

சந்தோஷத்தில் மேனேஜரிடம் ஓடினேன். "சார், எல்லாத்துக்கும் நோஏசிதான் காரணம்!"

"நான் அப்பவே சொன்னேனே, சர்வர் ரூம் கொதிக்குதுன்னு" என்றார். மறுநாள் காலை ஏசி மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். அதற்கும் உடனே அப்ரூவல்.

பழைய அட்மின் அதை ஏன் போட்டார் என்பதும் அப்புறம் தெரிந்தது. பில்டு மெஷின் எழுதும் ரிசல்ட் ஃபைல், டெஸ்ட் மெஷினுக்கு சில சமயம் ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரியும். அதைச் சரிசெய்ய எல்லா மெஷினிலும், எல்லா மவுண்டிலும் நோஏசி. ஒரு பல்லுக்கு வலி என்று வாய் முழுக்கப் பிடுங்கிய கதை. நான் அந்த ரிசல்ட் ஃபோல்டரை மட்டும் தனி எக்ஸ்போர்ட்டாக (சர்வர் மற்ற மெஷின்களுக்குத் திறந்துவிடும் ஃபோல்டர்) பிரித்து அதற்கு நோஏசியை வைத்துக்கொண்டு, மற்றதில் எடுத்துவிட்டேன். கழற்றாமலே ஆப்ஷனை மாற்றும் ரீமவுண்ட் கொடுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டியிருந்தது, அதனால் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் போனது. திங்கட்கிழமை முதல் மேக் 11 விநாடி, உடனே மறுபடி கொடுத்தால் 2 விநாடி.

இதைப் படித்துவிட்டு "நோஏசி தேவைப்படும் இடமும் உண்டு" என்று ஒருவர் வருவார். உண்டு, அதனால்தான் ஒரு ஃபோல்டரில் வைத்தேன். "ஹோம் டைரக்டரியை யாராவது என்எஃப்எஸ்ஸில் வைப்பார்களா" என்று இன்னொருவர் கேட்பார். ஐயா, கம்பெனி என்னுடையது இல்லை. மூன்றாவது ஆள் "எக்ஸ்போர்ட்டில் ஏசிங்க் போடுங்க, முடிஞ்சது" என்பார். அவரை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்கில் எழுதுவதற்கு முன்பே சர்வர் "எழுதிட்டேன்" என்று சொல்ல வைக்கும் வேலை அது. நடுவில் கரண்ட் போனால் ஃபைல் போச்சு. எங்கள் யுபிஎஸ் பேட்டரி இருந்த லட்சணத்துக்கு நான் அதைத் தொடவே இல்லை.

உங்கள் மவுண்டில் நோஏசி இல்லையென்றால், பதிலை எத்தனை விநாடி கையில் வைத்துக்கொள்வது என்று சொல்லும் ஆக்டைமியோ என்ற ஆப்ஷனை யாராவது பூஜ்யமாக வைத்திருக்கிறார்களா பாருங்கள், கேஷ் விஷயத்தில் அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டும் இல்லையென்றால் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் கமாண்டை ஓட்டி, ஆர்டிடியும் (கேள்வி சர்வருக்குப் போய் பதில் திரும்ப ஆகும் நேரம்) எக்ஸிகியூஷன் டைமும் (உங்கள் மெஷினில் காத்திருந்ததையும் சேர்த்த மொத்த நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். ஆர்டிடி குறைவு, மற்றது அதிகம் என்றால் உங்கள் மெஷினிலேயே க்யூ நிற்கிறது. ஆர்டிடியே அதிகம் என்றால் சர்வர் பக்கம் போய் என்எஃப்எஸ்டி த்ரெட் (கேள்விகளுக்குப் பதில் சொல்ல சர்வர் வைத்திருக்கும் வேலையாட்கள்) எத்தனை என்று எண்ணுங்கள், பழைய லினக்ஸில் யாரும் மாற்றாவிட்டால் 8தான் இருக்கும். அந்த இரண்டு எண்ணையும், மவுண்ட்ஸ் ஃபைலில் இருக்கும் அந்த ஒரு வரியையும் கமெண்டில் போடுங்கள். ஐபி அட்ரஸை அழித்துவிட்டுப் போடுங்கள்.