கூடைக்கு முன்னே கூட்டம்: டிஸ்க் கோல்ஃப் கேள்வி பதில்

சிங்கப்பூரில் டிஸ்க் கோல்ஃப் ஆடுவது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெரிசலைப் பற்றியவை. ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எறியிடத்திலிருந்து டிஸ்க்கை வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் மிகக் குறைந்த எறிதல்களில் விழ வைக்க வேண்டும். ஓர் எறியிடமும் ஒரு கூடையும் சேர்ந்தால் ஒரு ஹோல்.

ஞாயிறு காலையில் 24 பேர், நகர்த்தும் கூடைகள் 9 வைத்துத் திடலில் ஆடுகிறோம். நால்வர் நால்வராக முதல் ஹோலில் தொடங்குகிறோம். நான்காவது ஹோல் வந்ததும் எல்லாரும் குவிந்துவிடுகிறோம். கடைசி அணி அங்கேயே அரை மணி நேரம் நிற்கிறது. ஆளைக் குறைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– வாசகர், செங்காங்

உண்டு. முதலில் கைப்பேசியில் நேரம் எடுங்கள். ஒவ்வொரு ஹோலிலும் அணியின் முதல் ஆள் எறிவது தொடங்கி, பின்னால் வரும் அணி பயமின்றி எறியலாம் என்ற அளவுக்குக் கடைசி ஆள் விலகும்வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடையருகே நின்றபடி "உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை" என்று எண்ணிக்கொண்டிருக்கும் நேரமும் இதில் சேரும்.

நால்வர் அணிக்கு 70, 80 மீட்டர் ஹோல் ஒன்று ஏறக்குறைய 7 நிமிடம் பிடிக்கும். உங்கள் நான்காவது ஹோல் 12 நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அணிகள் 7 நிமிடத்துக்கு ஒன்றாக வந்து சேர்கின்றன; அந்த ஹோலோ 12 நிமிடத்துக்கு ஓர் அணியைத்தான் வெளியே விடுகிறது. இரண்டாவது அணி 5 நிமிடம் காத்திருக்கும், மூன்றாவது 10, ஆறாவது 25. மற்ற எட்டு ஹோல்களையும் எவ்வளவு விரைவாக ஆடினாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகமாக ஆடச் சொல்லி எல்லாரையும் விரட்டுவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

இதற்கு இரண்டு மாற்றங்கள் செய்யலாம். ஒன்று, எல்லாரும் முதல் ஹோலில் தொடங்காமல் அணிக்கொரு ஹோலில் ஒரே நேரத்தில் தொடங்குவது. போட்டிகளில் இதை ஷாட்கன் தொடக்கம் என்பார்கள். உங்களிடம் 6 அணிகள், 9 ஹோல்கள். ஆக மூன்று ஹோல்கள் காலியாக இருக்கும். எந்த மூன்று என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 3, 1, 8 ஆகியவற்றைக் காலியாக விடுங்கள். நான்காவதில் தொடங்கிய அணி 12ஆம் நிமிடத்தில் வெளியேறும்; இரண்டாவதில் தொடங்கியவர்கள் 14ஆம் நிமிடத்தில் வருவார்கள்; ஒன்பதாவதில் தொடங்கியவர்கள் 28ஆம் நிமிடத்தில்; ஏழாவதில் தொடங்கியவர்கள் 42இல். இந்த நான்கு அணிகளுக்கும் காத்திருப்பே இல்லை. ஆறாவதில் தொடங்கியவர்கள் 5 நிமிடமும் ஐந்தாவதில் தொடங்கியவர்கள் 10 நிமிடமும் நிற்க வேண்டிவரும். 78 நிமிடத்தில் ஒரு சுற்று எல்லாருக்கும் முடிந்துவிடும். நீங்கள் இப்போது ஆடும் முறையில், இதே கணக்குப்படி, கடைசி அணி முடிக்க 128 நிமிடம் ஆகும். ஐந்தாவது ஹோலில் யாரைத் தொடங்க வைப்பது என்று கேட்டால், வழக்கமாகத் தாமதமாக வருபவர்களை என்போம்!

மற்றொன்று, நான்காவது ஹோலையே சரிசெய்வது. ஒரு ஹோல் மெதுவாவதற்கு அதன் நீளம் காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் டிஸ்க் தேடுவதில்தான் நேரம் போகிறது: லாலாங் புல், வேலிச் செடி, சரிவுக்குக் கீழே வாய்க்கால், அல்லது எறியிடத்திலிருந்து பார்த்தால் விழும் இடம் தெரியாத மேடு. உங்கள் கூடை நகர்த்தக்கூடியதுதானே? செடி வரிசையிலிருந்து 10, 15 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். நகர்த்த இடமில்லை என்றால், முதலில் எறிந்தவர் முன்னே நடந்து, மேடு தாண்டி, மரத்தின் மறைவில் நின்று மற்ற மூவரின் டிஸ்க் எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். இதைச் செய்து 12 நிமிடத்தை 9 ஆக்கினால், மேலே சொன்ன அதே ஏற்பாட்டில் அதிகபட்சக் காத்திருப்பு 4 நிமிடம்தான்.

அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பிடிஜிஏ எனும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிகளும் இங்கே கைகொடுக்கும். தொலைந்த டிஸ்க்கைத் தேட 3 நிமிடம்தான். கடிகாரத்தைப் பார்த்தே தேடுங்கள். தன் முறை வந்து, இடமும் காலியான பிறகு ஒருவர் எறிய 30 விநாடி. கூடையிலிருந்து தொலைவில் இருப்பவர்தான் முதலில் எறிய வேண்டும் என்றாலும், அவர் சம்மதித்தால் தயாராக இருப்பவர் முந்திக்கொள்ளலாம். டிஸ்க் தொலைந்திருக்கும் என்ற சந்தேகம் எழுந்தால் திரும்பி நடந்துவர வேண்டியதில்லை. எறிந்த இடத்திலிருந்தே தற்காலிகமாக இன்னொன்றை எறிந்துவிட்டுப் போகலாம்.

பழக்கத்தில் மாற்ற வேண்டியவை இரண்டே. பையைக் கூடைக்கு இந்தப் பக்கம் வைக்காமல், அடுத்த எறியிடம் இருக்கும் பக்கம் வையுங்கள். புள்ளிகளை அடுத்த எறியிடத்துக்குப் போன பிறகு எழுதுங்கள்.

அணிக்கு ஐந்தாவது ஆளைச் சேர்க்காதீர்கள். "ஒருத்தர்தானே" என்று தோன்றும். ஒவ்வொரு ஹோலிலும் ஒன்றரை நிமிடமாவது கூடும், அந்த ஒன்றரை நிமிடமும் பின்னால் வரும் எல்லா அணிகளின் தலையிலும் விழும். புதியவர்கள் அதிகம் வரும் நாளில் இரட்டையர் ஆட்டம் வைத்துப் பாருங்கள். இருவரும் எறிந்து, நல்ல இடத்தில் விழுந்த டிஸ்க்கிலிருந்து இருவரும் அடுத்ததை எறிவது. புதருக்குள் போன டிஸ்க்கை எடுத்தால் போதும், அங்கிருந்து தத்தளிக்க வேண்டியதில்லை.

நானும் என் கணவரும் மட்டும் ஆடுகிறோம். முன்னால் ஆறு பேர் கொண்ட அணி. வழிவிடச் சொல்லிக் கேட்பது முறையா?
– வாசகி, பிடோக்

கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன் அவர்களுக்கு அடுத்த ஹோலைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் மட்டுமே கேட்பதில் பயன். அங்கேயும் ஓர் அணி நின்றால், நீங்கள் ஆறு பேரைத் தாண்டிப் போய் வேறு நால்வரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், வழிவிட்டவர்களுக்கும் எரிச்சல்.

கேட்க ஏற்ற இடம் எறியிடம். ஃபேர்வேயின் (எறியிடத்துக்கும் கூடைக்கும் இடைப்பட்ட பாதை) நடுவில் அவர்களை மறித்துக் கேட்டால் எல்லாரும் எறிகிற பாதையில் நின்று பேசிக்கொண்டிருக்க நேரும். அவர்கள் சரி என்றதும் இருவரும் உடனே எறிந்து, நடந்து, புட் (கூடையருகிலிருந்து கூடைக்குள் எறிவது) போட்டு நகருங்கள். இருவருக்கு 3, 4 நிமிடம் போதும். அந்த ஒரு ஹோலில் மட்டும் சோதனை எறிதல் வேண்டாம்.

ஆறு பேராக ஆடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பின்னால் ஓர் அணி இரண்டு ஹோல்களாகத் தொடர்ந்து காத்திருந்தால், கேட்கும்வரை பார்த்திருக்காமல் நீங்களே கூப்பிடுங்கள். அதைவிட, மூவர் மூவராகப் பிரிந்துவிடுவதே மேல்.

எங்கள் பகுதியில் பூங்கா இணைப்புப் பாதையை ஒட்டித்தான் புல்வெளி. நடப்பவர்கள், சைக்கிள், நாய் என்று ஆள் நடமாட்டம் ஓயாது. "ஃபோர்" என்று கத்தினால் போதாதா?
– வாசகர், பொங்கோல்

போதாது. டிஸ்க் வருகிறது என்று எச்சரிக்கும் அந்தக் கூப்பாடு கோல்ஃப் ஆடுபவர்களுக்குத்தான் புரியும். மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அதாவது தலையைக் காட்டுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். இணைப்புப் பாதையில் சைக்கிளின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். 60 மீட்டர் எறிந்த டிஸ்க் 3 முதல் 4 விநாடி காற்றில் இருக்கும். அதற்குள் சைக்கிள் 21 முதல் 28 மீட்டர் வந்துவிடும். ஆகவே டிஸ்க் விழக்கூடிய இடத்துக்கு நேரே பாதை காலியாக இருப்பது மட்டும் போதாது. இரு பக்கமும் 30 மீட்டருக்கு ஆள் இருக்கக் கூடாது. மரமோ திருப்பமோ அந்த 30 மீட்டரை மறைத்தால், அந்த ஹோலை அங்கே வைக்கவே கூடாது.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். வலக்கையால் பின்கை எறிதல் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசுவது) போடுபவரின் டிஸ்க் வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். அதனால் பாதையை வலப்பக்கம் வைத்து ஹோல் அமைப்பது வழக்கம். புதியவர்களுக்கு இது பொருந்தாது: விரல் பிடியைத் தாமதமாக விட்டால் டிஸ்க் நேராக வலப்பக்கம் பறக்கும், அதுவும் முழு வேகத்தில். புதியவர்கள் இருந்தால் பாதை கூடைக்கு எதிர்த்திசையில், எறியிடத்துக்குப் பின்னால் இருக்கட்டும்.

தொலைதூரம் எறியும் டிஸ்க்கான டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, கூடையருகே எறியும் டிஸ்க்கான புட்டரால் மட்டும் ஆடுவதே நெரிசலான பூங்காவுக்கு எங்கள் முதல் பரிந்துரை. ஹோல்களை 40 முதல் 50 மீட்டருக்குச் சுருக்குங்கள். டிரைவரின் விளிம்பு கூர்மையானது; தரையில் பட்டதும் சறுக்கி வெகுதூரம் போகும். புட்டரின் விளிம்பு மழுங்கலானது, பறப்பதும் மெதுவாக. ஆட்டத்தின் சுவை குறைந்துவிடும் என்பவர்கள் 45 மீட்டரில் இரண்டே எறிதலில் முடித்துக் காட்டட்டும்.

நடந்து போகிறவர் நின்று உங்களுக்கு வழிவிட்டால், கையசைத்து அவரையே முதலில் போகச் சொல்லுங்கள். பூங்கா அவர்களுக்கும் உரியது. விலகிப் போக வேண்டிய கடமை அவர்களுக்கில்லை. பலர் சேர்ந்து தொடர்ச்சியாக நடத்தும் ஆட்டம் என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுவிடுங்கள். கூடை இல்லாத நாளில் மரத்தை இலக்காக்கி எறிவது வேண்டவே வேண்டாம், பட்டை உரியும்.

கூட்டம் அதிகம் என்பதால் இன்னும் மூன்று கூடை வாங்கலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

திடல் பெரிதாகவில்லை என்றால் வேண்டாம். அதே இடத்தில் கூடைகளை நெருக்கினால் ஒரு ஹோலின் டிஸ்க் அடுத்த ஹோலின் ஆட்கள்மேல் விழும். ஒவ்வோர் எறிதலுக்கும் பக்கத்து அணி விலகும்வரை நிற்க வேண்டிவரும். வாங்கிய கூடையே நெரிசலைக் கூட்டும். தவிர, இலகுவான மடக்குக் கூடைகூட 6, 7 கிலோ இருக்கும். கனமானவை 12 கிலோவுக்கும் மேல். பேருந்தில் யார் தூக்கி வருவது?

அந்தப் பணத்தில் சிறிய கொடிகள் வாங்கி, ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு எறியிடம் குறியுங்கள்: புதியவர்களுக்கு அருகில் ஒன்று, தேர்ந்தவர்களுக்குத் தள்ளி ஒன்று. ஒரே அணிக்குள் திறமை கலந்திருந்தாலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கூடையை அடைவார்கள்.

எந்த நேரத்தில் கூட்டம் குறைவு?
– வாசகி, ஈசூன்

இங்கே ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. அதனால் வெளிச்சம் வந்ததும் முதல் ஒரு மணி நேரமும், வார நாள் மாலை ஐந்தரைக்கு மேலும்தான் ஆட இதமாக இருக்கும். எல்லாரும் அதையேதான் நினைப்பார்கள். வெயிலைத் தாங்க முடிந்தால் காலை பத்தரைக்கு மேல் திடல் காலி. இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள்.

பிற்பகல் காலியாக இருந்தால் ஆசைப்பட்டு இறங்கிவிடாதீர்கள். குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை சட்டென்று வரும். மைஈஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் கூடையை விட்டு விலகி, மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள்.

டிஸ்க் தேடியே நேரம் போகிறது. எந்த நிறம் வாங்கலாம்?
– வாசகர், தெம்பனிஸ்

பளிச்சென்ற இளஞ்சிவப்பு. அடுத்தது ஆரஞ்சு. பச்சையைத் தொடவே வேண்டாம். மஞ்சள் பச்சைப் புல்லில் நன்றாகத் தெரியும். ஆனால் அங்சானா மரம் பூத்து உதிர்ந்த காலையில் மரத்தடி முழுக்க மஞ்சளாகக் கிடக்கும், அன்றைக்கு உங்கள் மூன்று நிமிடமும் போய்விடும். உட்பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் அழியாத மையால் எழுதுங்கள். எண் இருந்தால் யாராவது எடுத்துக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில் தேடலைச் சீக்கிரம் கைவிட மனம் வரும்.

திடலில் பயிற்சிக்கு இடமே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடையை வைத்துப் புட் பயிற்சி செய்யலாமா?
– மாணவர், உட்லண்ட்ஸ்

சங்கிலிச் சத்தம் கீழ்த்தளத்தில் எதிரொலித்து மூன்றாம் மாடிவரை கேட்கும். நகர மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் விளையாடத் தடை இருந்தால் பேச்சே இல்லை. திடலிலேயே, ஆட்டம் தொடங்குமுன், முதல் எறியிடத்திலிருந்து நன்றாக விலகி ஒரு கூடையைப் பயிற்சிக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். 5 மீட்டரில் தொடங்கி 10 மீட்டர்வரை, ஆளுக்கு மூன்று டிஸ்க். எல்லாரும் எறிந்து முடித்த பிறகு எல்லாரும் ஒன்றாகப் போய் எடுப்பது. ஆட்டம் தொடங்கியபின் ஹோல் கூடையில் "இன்னும் ஒரு தடவை" என்று புட் போட்டுப் பார்ப்பதுதான் பின்னால் நிற்பவர்களுக்கு மிகவும் எரிச்சலூட்டுவது.