மந்தம், மந்தன், ஏழரை

கேள்வி: 2008 பொருளாதார மந்தம் முடிந்த பிறகும் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தீரவில்லை, அதனால்தான் 2010 தேர்தலில் ஒபாமா கட்சி தோற்றது என்கிறார்கள். அதே திண்டாட்டத்தோடுதானே 2012ல் ஒபாமா மறுபடி ஜெயித்தார்? எதை நம்புவது? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: 'மந்தம்' என்ற சொல்லைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. வயிற்று மந்தத்துக்கும் இதற்கும் அப்படி ஒரு பொருத்தம். ஓமத்தண்ணீர் குடித்து ஏப்பம் வந்த பிறகும் வயிறு கனத்துக்கொண்டே இருக்கும். பசியெடுக்க இன்னும் இரண்டு வேளை ஆகும்.

அங்கே மந்தம் தொடங்கியதையும் முடிந்ததையும் நாடி பிடித்துச் சொல்ல, தேசியப் பொருளாதார ஆய்வு மையம் என்ற தனியார் அமைப்பில் ஒரு வல்லுநர் குழு இருக்கிறது. அவர்கள் நாடி பார்த்து முடிப்பதற்குள் நோயாளி எழுந்து சந்தைக்குப் போய் வந்துவிடுவார். 1991 மார்ச்சில் முடிந்த மந்தத்தை 'முடிந்தது' என்று அவர்கள் அறிவித்தது 1992 டிசம்பரில். நடுவில் நவம்பரில் தேர்தல் வந்து அப்போதைய அதிபர் மூத்த புஷ் தோற்றே போயிருந்தார். 2009 ஜூனில் முடிந்ததைச் சொன்னது 2010 செப்டம்பரில். தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, வேலை போனவரிடம் போய் 'மந்தம் முடிந்து பதினைந்து மாதமாச்சே' என்றால் ஓட்டா விழும்?

சோதிடத்தில் சனிக்கு மந்தன் என்றும் பெயர், மெல்ல நகர்பவன் என்பதால். அமெரிக்கத் தேர்தல் சோதிடர்களும் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள்: ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு, வேலையின்மை 7.2 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது எந்த அதிபரும் மறுபடி ஜெயித்ததில்லை. 1984 நவம்பரில் ரீகன் ஜெயித்தபோது 7.2. கோட்டை அங்கே கிழித்துவிட்டார்கள். 1980 நவம்பரில் கார்ட்டர் தோற்றபோது எவ்வளவு தெரியுமா? 7.5. சாட்சாத் ஏழரை! இன்னொன்றும் கேளுங்கள். 2008 ஏப்ரலில் 5 சதவீதமாக இருந்த வேலையின்மை ஏறி இறங்கி மறுபடி 5 என்று அறிவிக்கப்பட்டது 2015 அக்டோபர் கணக்கில். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள், ஏழரை வருஷம். (இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் பத்திரிகையில் ராசிபலன் வராது. கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.)

2012 தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வெளியான எண் 7.9. ஒபாமா ஜெயித்தார், வாய்ப்பாடு குப்பைக்குப் போனது. மூத்த புஷ் தோற்றதோ அதைவிடக் குறைந்த எண்ணில். ஏனென்றால் ஓட்டுப் போடுகிறவர் எண்ணைவிட அது போகிற திசையைத்தான் பார்க்கிறார். புஷ்ஷுக்கு மந்தம் முடிந்து பதினைந்து மாதம் கழித்து, தேர்தல் வருஷத்து ஜூனில்தான் 7.8 என்ற உச்சம் வந்தது. ரீகனுக்கு உச்சமான 10.8, அதிபர் பதவிக்காலத்தின் நடுவே நாடாளுமன்றத்துக்கு மட்டும் நடக்கும் இடைக்காலத் தேர்தல் வருஷமான 1982லேயே வந்துபோனது. நாடாளுமன்றக் கீழவையில் அவர் கட்சிக்கு 26 இடம் போயிற்று, ஆனால் இரண்டு வருஷத்தில் அதிபர் தேர்தலில் அவருக்கு 49 மாநிலம் கிடைத்தது. ஒபாமாவுக்கு 2009 அக்டோபரில் 10. இடைக்காலத் தேர்தல் வந்த 2010 நவம்பரிலும் 9.8. 63 இடம் அம்பேல்.

10 என்பது 9 ஆனால் 'ஒரு சதவீதம் குறைந்தது' என்று எழுதும் நிருபர்களே, குறைந்தது ஒரு சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் பத்து. ('விழுக்காடு' என்று எழுதச் சொல்லி மாதாமாதம் கண்டிக்கும் புலவர்கள் முதலில் இந்தச் சண்டைக்கு வரட்டும்.)

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மாதாமாதம் சுமார் 60,000 வீடுகளில், வழக்கமாக 12ஆம் தேதி வருகிற வாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். அந்த வாரத்தில் கூலிக்கு ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் நீங்கள் வேலையில் இருப்பவர். வேலை இல்லை, ஆனால் கடைசி நான்கு வாரத்தில் தேடவும் இல்லை என்றால் பொதுவாக நீங்கள் கணக்கிலேயே இல்லை. தேடி அலுத்தவர்களையும், முழுநேர வேலை கிடைக்காமல் அரைநேரம் பார்ப்பவர்களையும் சேர்த்தால் 2009 அக்டோபரில் 17 சதவீதத்துக்கு மேல். இதில் ஒரு விபரீதம் உண்டு: நிலைமை தேறுகிறது என்று அலுத்தவர்கள் மறுபடி தேடக் கிளம்பினால் எண் ஏறும்! முதலாளியும் உடனே ஆள் எடுக்கமாட்டார். இருப்பவர்களுக்கு நேரத்தைக் கூட்டுவார், பிறகு தற்காலிக ஆள், கடைசியில்தான் நிரந்தர வேலை.

ஒபாமா ஆட்கள் தாங்களே தோண்டிய குழி ஒன்று. 2009 ஜனவரியில், பதவியேற்கும் முன்பே, அவருடைய பொருளாதார ஆலோசகர்கள் கிறிஸ்டினா ரோமரும் ஜாரெட் பெர்ன்ஸ்டைனும் ஒரு வரைபடம் போட்டார்கள்: அரசு பணத்தை இறக்கிப் பொருளாதாரத்தைத் தூக்கிவிடும் ஊக்கத்திட்டம் வந்தால் வேலையின்மை 8ஐத் தாண்டாது, வராவிட்டால் 9 வரை போகும். அந்தத் திட்டத்துக்கான 787 பில்லியன் டாலர் மசோதாவில் கையெழுத்தான பிப்ரவரியிலேயே எண் 8ஐத் தாண்டியது. நோயின் கடுமையே அப்போது தெரியவில்லை. 2008 கடைசிக் காலாண்டுச் சரிவை முதலில் ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் என்றார்கள், திருத்தத்தில் அது 8க்கு மேல் போனது. எதிர்க்கட்சிக்கு அந்தப் படம் ஒன்றே போதுமாக இருந்தது.

இன்னொரு குழி, அதே திட்டத்தில் வந்த வரிச்சலுகை. ஆளுக்கு 400 டாலர். மொத்தமாகக் கொடுத்தால் சேமித்துவிடுவார்கள், சம்பளத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் செலவழிப்பார்கள் என்று பொருளாதார மூளை சொன்னது. 2010ல் அது வாரத்துக்கு 8 டாலர்கூட வரவில்லை. வரி குறைந்தது என்று தெரிந்தவர் பத்துப் பேரில் ஒருவர் இருந்தாலே அதிகம்.

ஆனால், வாசகரே, நீங்கள் கேட்காத கேள்விதான் பெரிது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருஷம். அந்தக் கணக்கை வைத்துப் பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லையை மறுபடி வரைவது மாநில சட்டமன்றம். எனவே எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி, எல்லையைத் தனக்குச் சாதகமாக வரைய அந்தச் சட்டமன்றங்களைக் குறிவைத்துக் காசு இறக்கியது. கோபத்தில் விழுந்த ஓட்டில் அவையும் கைக்கு வந்தன. பென்சில்வேனியாவின் 7ஆவது தொகுதியை அவர்கள் வரைந்த அழகைப் பார்த்து, டிஸ்னி கார்ட்டூன் வாத்தையும் நாயையும் வைத்து, 'டொனால்ட் டக்கைக் கூஃபி எட்டி உதைக்கிறது' என்று பெயர் வைத்தார்கள். 2012ல் அந்த மாநிலத்தில் கீழவைக்கு அதிக ஓட்டு ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு. 18 இடத்தில் 13 குடியரசுக் கட்சிக்கு. நாடு முழுக்கவும் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டுக் குறைவாக வாங்கி 234 இடம் பிடித்தார்கள்.

பென்சில்வேனியா வரைபடத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது 2018ல். அந்த நவம்பரில் 9-9 ஆனது. வேலையின்மை அப்போது 4 சதவீதத்துக்கும் கீழே.