பத்தில் ஒன்று: எதில் பத்து?

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகத் தரும் தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? கடன் தவணையே பாதியை விழுங்கிவிடுகிறது. கொடுக்க முடியாத மாதங்களில் மனம் உறுத்துகிறது.

பதில்: பைபிளில் லேவியராகமம் 27 பேசுவது தானியம், கனி, ஆடுமாடு பற்றி. மந்தை கோலின்கீழ் கடந்து போகும்போது பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. அது கொழுத்ததா, இளைத்ததா என்று பார்த்து மாற்றக் கூடாது. தசமபாகமும் ஒரே வகையாக இருக்கவில்லை. எண்ணாகமம் 18-இல் அது ஆலயப் பணி செய்த லேவியர் கோத்திரத்துக்கு. உபாகமம் 14-இல் குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் உண்டு மகிழ. மூன்றாம் வருஷத்திலோ லேவியர், பரதேசி (அந்நியர்), திக்கற்ற பிள்ளை, விதவை வந்து புசிக்க. எல்லாவற்றையும் கூட்டினால் பத்து சதவீதத்தைத் தாண்டும். ஆகவே ‘சரியாகப் பத்து, அதுவும் சபைக்கு மட்டும்’ என்பவர் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்.

புதிய ஏற்பாடு சதவீதம் எதையும் விதிக்கவில்லை. ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே’ என்கிறது 2 கொரிந்தியர் 9:7. பல சபைகள் பத்தைப் போதிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை அளவு குறிப்பதில்லை. எனவே மொத்தமா, நிகரமா என்ற கேள்விக்கு வேதத்தில் விடை தேட வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. மூன்று மாத வரவு செலவை எழுதுங்கள். பிறருக்குச் சேர வேண்டியதை முதலில் பிரியுங்கள்: வாடகை, தவணை, உங்களிடம் வேலை செய்பவரின் கூலி, பெற்றோரின் தேவை. பெற்றோருக்குரியதைக் ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கியவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. பிறகு உங்களால் தவறாமல் தரக்கூடிய பங்கை, நூற்றுக்கு மூன்றாக இருந்தாலும், நிச்சயியுங்கள். சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். அப்போஸ்தலர் பவுலும் வாரத்தின் முதல் நாளிலேயே சேர்த்து வைக்கத்தான் சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. கடன் வாங்கிக் காணிக்கை போடுவது அதைவிட மோசம். அது கடன் கொடுத்தவனுடைய பணம்.

வியாபாரிகள் இன்னொரு தவறு செய்கிறார்கள். விற்பனை 100, சரக்குக்கும் செலவுக்கும் போனது 80 என்றால் வருமானம் 20-தான். விற்பனையில் பத்தில் ஒன்று எடுத்தால் லாபத்தில் பாதி போய்விடும். மீதியில் குடும்பச் செலவு ஓடாவிட்டால் போட்ட முதலே கரையும்.

ஒரு கடன் அடையும்போதோ சம்பளம் உயரும்போதோ செலவுக்கு முன் பங்கை உயர்த்துங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கமொன்றில் ஒருவரைக் காட்டுகிறார்: ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார், வருமானம் 60 ஆனபோதும் 28 போதுமென்று 32 கொடுத்தார், 90 ஆனபோது 62, 120 ஆனபோது 92.

கேள்வி: பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு. அந்த ‘ஊசியின் காது’ என்பது எருசலேமில் இருந்த சிறு வாசலாமே? ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டுக் குனிந்தால் நுழையலாமாம்.

பதில்: அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. சொல்லப்பட்டது தையல் ஊசிதான். வாசல் என்றால் சீஷர்கள் ‘யார் இரட்சிக்கப்படக்கூடும்’ என்று திகைத்திருக்க மாட்டார்கள். ஆனால் லூக்காவில் அடுத்த அதிகாரத்திலேயே வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வருகிறான்; அவன் கொடுப்பதாகச் சொன்னது இது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திருப்பி. இந்த இரண்டாவது தானமல்ல, பாக்கி தீர்ப்பது; திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு என்ற யாத்திராகமச் சட்டம்தான். பிறரிடம் பறித்ததை வைத்துக்கொண்டு அன்னதானம் செய்கிறவர்கள் இந்த வசனத்தில் நின்று போக வேண்டும்.

கேள்வி: ‘விதைப்புக் காணிக்கை’ நூறு மடங்காகத் திரும்பும் என்கிறார்களே?

பதில்: மாற்கு 10:30-இல் நூறத்தனையாகக் கிடைப்பவற்றில் தாய்களும் உண்டு, ‘துன்பங்களோடேகூட’ என்ற சொல்லும் உண்டு. நூறு தாய்களை யாரும் எதிர்பார்ப்பதில்லை. துன்பங்களை யாரும் போஸ்டரில் அச்சிடுவதில்லை. பவுல் விதை, அறுப்பு என்று எழுதியது எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகத் திரட்டிய நிதிக்காக. அந்தப் பணத்தையும் அவர் தனியாகத் தூக்கிச் செல்லவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடி சபைகள் தெரிந்தெடுத்தவரையும் கூட்டிச் சென்றார் (2 கொரிந்தியர் 8:19-21).

உங்கள் சபையிலும் கேளுங்கள்: உண்டியலை எண்ணுவது யார்? உறவில்லாத இருவராவது அன்றே எண்ணிக் கையெழுத்திடுகிறார்களா? தணிக்கை அறிக்கை எல்லோருக்கும் வாசிக்கப்படுகிறதா? ஏழைகளுக்குப் போன பங்கு எவ்வளவு? கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று பதில் வந்தால், அந்தத் தொகையை வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு சொந்தக்காரர் திரும்பத் திரும்பக் கைமாற்று கேட்கிறார். ‘கேட்கிற எவனுக்கும் கொடு’ என்றிருக்கிறதே?

பதில்: இருக்கிறது, ‘கேட்டதையே கொடு’ என்று இல்லை. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். திரும்பி வராது என்று தெரிந்தால் ‘இது கடனில்லை’ என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் உங்களைக் கண்டு ஒளிவார். மருந்து, பள்ளிக் கட்டணம் போன்றவற்றை நேரடியாகக் கட்டலாம். வேலை கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொன்ன சட்டத்தில் (லேவியராகமம் 19:9) ஏழை கை நீட்டவில்லை. தானே வந்து பொறுக்கிக்கொண்டு போனான்.