குழந்தைகளின் கெண்டைக்கால் வலிமையை அளப்பது எப்படி?

கேள்வி: நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் ஓட்டத்தையும் தாண்டுதலையும் ஆண்டுக்கு இருமுறை பதிவு செய்கிறேன். கெண்டைக்கால் தசையின் வலிமையையும் தாங்குதிறனையும் பெரிய கருவிகள் இல்லாமல் அளக்க முடியுமா? ஒற்றைக் காலில் நின்று 25 முறை குதிகாலை உயர்த்த வேண்டும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். என் மாணவர்கள் பலரால் அது முடியவில்லை. அவர்களை வலுவற்றவர்கள் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். 25 என்ற அளவு பெரியவர்களுக்கு உரியது. 1995ஆம் ஆண்டு லன்ஸ்ஃபோர்ட், பெர்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 20 முதல் 59 வயது வரையுள்ள 203 நலமான பெரியவர்களைச் சோதித்து அந்த எண்ணைப் பரிந்துரைத்தார்கள். வளரும் பிள்ளையின் எடை, உயரம், சமநிலை, கவனம் ஆகிய நான்குமே வேறு என்பதால், அந்த எண்ணை அப்படியே ஆறு வயதுப் பிள்ளையின் மீது சுமத்துவது நியாயமன்று. ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட சோதனை முறை நல்ல முறைதான்; சுவரும் சிறிது நூலும் இருந்தால் பள்ளியிலேயே செய்யலாம்.

கெண்டைக்கால் தசை என்று நாம் ஒன்றாகச் சொல்வது முக்கியமாக இரண்டு தசைகளை. வெளியே புடைத்துத் தெரியும் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. அதன் அடியில் பரந்து கிடக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் குதிநாணாக ஒன்று சேர்ந்து குதிகால் எலும்பைப் பிடித்து இழுக்கின்றன. முழங்கால் மடங்கினால் முதல் தசை தளர்ந்து, வேலையின் பெரும்பங்கு சோலியஸ் மீது விழுந்துவிடும். ஆகவே முழங்கால் நீட்டியே இருக்க வேண்டும் என்ற விதி வெறும் ஒழுங்குக்காக வைத்ததன்று; அது மீறப்பட்டால் நீங்கள் அளப்பது வேறொன்றாகிவிடும்.

செய்முறையைச் சொல்கிறேன். பிள்ளை வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, தோள் உயரத்தில் விரல் நுனிகளை மட்டும் சுவரில் வைக்கட்டும். உள்ளங்கையை ஊன்றினால் உடல் எடை சுவருக்குப் போய்விடும். மற்ற காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, நிற்கும் காலின் குதியை முடிந்தவரை ஒருமுறை உயர்த்தச் சொல்லுங்கள். அந்த நிலையில் பாதத்தின் மேற்புறம் தொடும்படி, இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு நூலைக் கட்டுங்கள். இனி ஒவ்வொரு முறையும் நூலைத் தொட வேண்டும், குதி மீண்டும் தரையைத் தொட வேண்டும். கைப்பேசியில் தாளமானிச் செயலியை நிமிடத்திற்கு 60 தட்டுகளாக வைத்தால், ஒரு தட்டுக்கு மேலே, அடுத்த தட்டுக்குக் கீழே என்று இரண்டு விநாடிக்கு ஓர் உயர்த்தல் அமையும். வகுப்புப் பிள்ளைகளைச் சத்தமாக எண்ணவிடாதீர்கள். உற்சாகத்தில் எண்ணிக்கை வேகமெடுக்கும். வேகம் கூடினால் உயரம் குறையும். பிறகு அந்த எண்ணுக்குப் பொருளே இராது.

நூலைத் தொடாதது, முழங்காலை மடக்கியது, சுவரில் சாய்ந்தது, தாளம் தவறியது ஆகிய பிழைகளில் ஏதேனும் நேர்ந்தால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அடுத்து வரும் உயர்த்தலிலும் அதே பிழை நேர்ந்தால் நிறுத்திவிட்டு, சரியாகச் செய்தவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வலி என்று பிள்ளை சொன்னால் எந்த நினைவூட்டலும் இல்லாமல் உடனே நிறுத்த வேண்டும். சுமார் 8 முதல் 14 வயது வரை, குறிப்பாக நிறைய ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு, குதிகால் எலும்பின் வளர்தட்டில், அதாவது எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதியில், வலி வருவது வழக்கம். அந்த வலியுடன் எடுத்த எண்ணிக்கை தசையைப் பற்றி எதுவும் சொல்லாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கெண்டைக்கால் சற்று வலிக்கலாம் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாள் சில முறை பழக்கிவிட்டு இன்னொரு நாளில் அளப்பதே என் வழக்கம். ஆறு வயதுப் பிள்ளை பல நேரம் தசை களைத்து நிறுத்துவதில்லை. தடுமாறியோ சலித்தோ நிறுத்திவிடுகிறது. எதனால் நின்றது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த எண்ணிக்கை காட்டுவது தாங்குதிறனை. வலிமை அதிலிருந்து வேறு. வலிமை என்பது தசை ஒரே முயற்சியில் தரக்கூடிய உச்ச விசை. மேலும் இச்சோதனையில் பிள்ளை தூக்குவது தன் சொந்த எடையை. எனவே பருமனான பிள்ளை 12 முறையும் மெலிந்த பிள்ளை 20 முறையும் செய்தால், முதல் பிள்ளையின் தசை பலவீனமானது என்று முடிவு கட்ட முடியாது. வலிமையை அறியக் கையடக்க விசைமானி வேண்டும். பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியில் கருவியை வைத்து, 3 முதல் 5 விநாடி அழுத்தச் சொல்வார்கள். கெண்டைக்கால் தசை அளப்பவரின் கையையே தள்ளிவிடும் அளவு வலிமையானது என்பதால், கருவியைப் பட்டையால் கட்டி நிலைநிறுத்துவது அவசியம். கிடைத்த விசையைக் கணுக்காலிலிருந்து கருவி வரையுள்ள தூரத்தால் பெருக்கி, உடல் எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 200 நியூட்டன் விசை, 0.12 மீட்டர் தூரம், 25 கிலோ எடை என்றால், கிலோவுக்கு 0.96 நியூட்டன் மீட்டர். இதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் விட்டுவிடலாம். பள்ளிப் பதிவுக்கு எண்ணிக்கை போதும்.

பதிவை ஒப்பிடும்போது பிள்ளையை அதே பிள்ளையின் முந்தைய அளவோடும், வலக்காலை இடக்காலோடும் ஒப்பிடுங்கள். இரண்டு கால்களுக்கும் இடையே சில நிமிட ஓய்வு கொடுங்கள். ஒன்றிரண்டு எண் கூடியதையோ குறைந்ததையோ மாற்றமாகக் கருத வேண்டாம். ஒரு கால் மற்றதில் பாதிகூடச் செய்யாமல், வேறொரு நாளிலும் அப்படியே இருந்தால் கவனியுங்கள்.

உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கெண்டைக்கால் பார்வைக்கு உருண்டு திரண்டிருந்தும் ஒருமுறைகூடக் குதியை உயர்த்தத் திணறும் சிறுவனைக் கண்டால், திரும்பத் திரும்பச் சோதிக்காதீர்கள். டுஷேன் தசைச் சிதைவு நோயில் தசை நார்கள் அழிந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிரப்புவதால் கெண்டைக்கால் பருத்துத் தெரியும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் இந்நோயில், தரையிலிருந்து எழும்போது பிள்ளை தன் தொடையிலேயே கையூன்றி ஏறுவதையும், படியேறச் சிரமப்படுவதையும், அடிக்கடி விழுவதையும் பார்க்கலாம். பெற்றோரைத் தனியே அழைத்து, பயமுறுத்தாமல், நோயின் பெயரையும் சொல்லாமல், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லிக் குழந்தை நல மருத்துவரிடம் அனுப்புங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியை அளக்கும் ஓர் எளிய ரத்தப் பரிசோதனையிலிருந்து அவர் தொடங்குவார்.