ஒன்பதாவது லட்டு

அன்புள்ள ஐயா,

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். ஒரு மாதம் முழுக்க ஒரே எழுத்தாளர் என்று முடிவுசெய்து குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை எடுத்துக்கொண்டோம். வாழ்க்கைக் குறிப்பை சார்ட்டில் எழுதி மாட்டினேன். பிள்ளைகள் அவர் பிறந்த ஆண்டை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். அதற்குமேல் நகரவில்லை. "மூணாங்கிளாசுக்கு எதுக்கு டீச்சர் எழுத்தாளரெல்லாம், பாட்டைப் பாடினா போதாதா?" என்கிறார் உடன் வேலை செய்பவர். அவர் சொல்வதுதான் சரியோ?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பாதி சரி. பாட்டில்தான் தொடங்க வேண்டும். ஆனால் பாடியதோடு விட்டால் என் கதைதான் அவர்களுக்கும். வள்ளியப்பாவின் 'வட்டமான தட்டு, தட்டு நிறைய லட்டு' பாட்டை யாரோ ஒரு பாட்டி எந்தக் காலத்திலோ கட்டியது என்று கல்லூரிக்குப் போகும்வரை நினைத்திருந்தேன். ஒரு மனிதர் உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியிருப்பார் என்று தோன்றவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

சார்ட்டைக் கொஞ்ச நாள் சுருட்டி வையுங்கள். அந்த லட்டுப் பாட்டையே எடுங்கள். தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று வரிக்கு வரி 'ட்டு' வந்து விழுகிறது. அண்ணன் பெயர் ஏன் கிட்டு, ஏன் முருகன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுக்கு இது துப்பறியும் வேலை. கண்டுபிடித்ததும் எழும் கூச்சலில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் நான் பொறுப்பில்லை.

அப்புறம் கணக்கு. எட்டு லட்டு, அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி, ஆளுக்கு நான்கு, கடைசியில் தட்டு காலி. இங்கே ஒரு கேள்வி போடுங்கள்: தட்டில் ஒன்பது லட்டு இருந்தால்? ஓசையும் கெடும், வீட்டில் சண்டையும் வரும். அவர் ஏன் எட்டை எடுத்தார் என்று நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்த நாள் அவர்களையே கட்டச் சொல்லுங்கள். 'ண்டு' என்று ஓர் ஓசை கொடுத்தால் வண்டு, நண்டு, செண்டு, கற்கண்டு எல்லாம் வந்துவிடும். அர்த்தம் வராவிட்டால் போகட்டும். நாலு வரி கட்டத் திணறியவனுக்குத்தான் வள்ளியப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரியும்.

அதற்குப் பிறகு பாருங்கள், "இவர் யாரு டீச்சர்?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சார்ட்டை விரியுங்கள். இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர் என்றால், "அதான் கணக்கு வருது" என்று ஏதாவதொரு வாண்டு சொல்லும். சொல்லட்டும். அவருடைய பாட்டுப் புத்தகம் 'மலரும் உள்ளம்' 1944-ல் வந்தபோது அவருக்கு அவர்களுடைய சித்தப்பா வயதுதான் இருக்கும் என்று சொல்லுங்கள், 1922-ஐத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. 'அழ' என்பது அப்பா அழகப்பரின் பெயர்ச் சுருக்கம். சிரிக்க வைக்கிற ஆளுக்கு இப்படி ஒரு இனிஷியலா என்று வகுப்பு ஒரு பீரியட் முழுக்கச் சிரிக்கும். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதையெல்லாம் ஐந்தாம் வகுப்புக்கு விட்டுவிடலாம். நதிகளைப் பற்றி அவர் எழுதிய உரைநடை நூலும் அப்படித்தான்.

அவர் பிறந்த ராயவரம் உங்கள் மாவட்டம்தானே, திருமயம் பக்கம். வேன் கிடைத்தால் ஒருநாள் கூட்டிப் போங்கள். பெரிதாகக் காட்ட எதுவும் வேண்டாம். நம்ம ஊர் மாதிரியே ஓர் ஊரில் பிறந்த ஆள் என்று கண்ணால் பார்த்தால் போதும். வேன் கிடைக்காவிட்டாலும் மோசமில்லை, பாட்டுகளை எனக்கு அனுப்பி வையுங்கள். ஒன்பதாவது லட்டை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.