வாசகர் கேள்வி – பதில்: உடலுக்குள் எரியும் சர்க்கரை

கேள்வி: பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் பேரனுக்கு, ‘உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு குளுக்கோஸை எரித்து ஆற்றல் பெறுகின்றன’ என்று சொல்லிக்கொடுத்தேன். ‘எரிந்தால் உடம்பு ஏன் வெந்துபோவதில்லை, பாட்டி?’ என்று கேட்டான். மேலும், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 38 ஏடிபி (உயிரணுவில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) என்று நான் படித்தேன். அவனுடைய பாடநூலில் 30 முதல் 32 வரை என்று இருக்கிறது. எது சரி?
– ஒரு வாசகி, டொங்காட்

பதில்: குழப்பத்தின் வேர் ‘எரித்தல்’ என்ற சொல்லில் இருக்கிறது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தால் அச்சொல் பொருந்தும்: குளுக்கோஸும் ஆக்சிஜனும் சேர்ந்து கரியமில வாயுவும் நீரும் ஆகின்றன, ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 16 கிலோஜூல் ஆற்றல் என்ற கணக்கும் ஒன்றே. வழிதான் வேறு. அறுவடைக்கு முன் உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கரும்புத் தோகைக்குத் தீ வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோகையில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான். அதன் ஆற்றல் சில நிமிடங்களில் வெப்பமாகவும் ஒளியாகவும் போய்விட, கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிகிறது. உயிரணு அவ்வாறு வெப்பத்தைக் கொண்டு வேலை செய்துகொள்ள இயலாது. நீராவி இயந்திரத்துக்கு வேண்டிய வெப்பநிலை வேறுபாடு அதற்குள் இல்லை. ஆகவே ஆற்றலைப் படிப்படியாகப் பிரித்து, ஏடிபி மூலக்கூறுகளில் சிறுசிறு தொகையாக ஏற்றிவைக்கிறது.

முதற்கட்டம் உயிரணுவின் திரவப் பகுதியில் ஆக்சிஜன் இல்லாமலே நடந்து, நிகரமாக 2 ஏடிபி தருகிறது. அடுத்து, உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவுக்குள், 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சுழற்சியில், எஞ்சிய கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. குளுக்கோஸிலிருந்து கழற்றப்பட்ட எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதங்கள் வழியாகக் கைமாறும்போது விடுபடும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சுழலியைச் சுற்றுவதுபோல, அவை திரும்பிவரும் வழியில் ஒரு நொதியைச் சுழற்ற, அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது. இதை 1961-இல் பீட்டர் மிட்செல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. உயிரியலில் இவ்வளவு அழகான கருத்து மிகச் சிலவே என்று எண்ணுகிறேன்.

ஆக்சிஜன் கடைசியில்தான் வருகிறது. எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அது நீராகிறது. நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கரியமில வாயுவாக வெளியேறுகிறது என்று பலரும் நினைப்பது தவறு என்பதைப் பேரனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் படி அடைபட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். சயனைடு கொல்வது அப்படித்தான்.

பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகவே போகிறது என்பதும் உண்மை. ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ ஒரு 100 வாட் குண்டு விளக்கின் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. அது எல்லா உயிரணுக்களிலும் பரவலாக, மெல்ல மெல்ல வருவதாலும், இரத்தம் அதைத் தோலுக்குக் கொண்டுசெல்வதாலும் நாம் வேகாமல் 37 பாகையில் இருக்கிறோம்.

இனி 38. கழற்றிய எலக்ட்ரான்களைச் சுமந்துசெல்லும் மூலக்கூறுகளில், ஒரு குளுக்கோஸுக்கு என்ஏடிஎச் 10, எஃப்ஏடிஎச்2 2 உருவாகின்றன. என்ஏடிஎச் ஒன்றுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஎச்2 ஒன்றுக்கு 2 என முழு எண்ணாகக் கொண்டால் 10 × 3, 2 × 2, நேரடியாகக் கிடைக்கும் 4 ஆகியவை சேர்ந்து 38 ஆகும். ஓர் ஏடிபிக்கு எத்தனை புரோட்டான்கள் செலவாகின்றன என்று அளந்த பின் அந்த மதிப்புகள் 2.5, 1.5 எனக் குறைந்தன. அப்போது வருவது 32. முதற்கட்ட எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வழியைப் பொறுத்து அது 30 ஆகவும் குறையும். தேர்வில் பேரன் தன் பாடநூலின் எண்ணையே எழுதட்டும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸில் கடைசி மைல்களில், மூச்சு சீராக இருந்தும் கால்கள் நகர மறுப்பது ஏன்?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆக்சிஜன் இருக்கிறது, எரிபொருள் குறைகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைத்த குளுக்கோஸான கிளைக்கோஜன் ஏறத்தாழ அரைக் கிலோ மட்டுமே. 90 கிலோமீட்டர் அளவிலான ஓட்டத்துக்கு அது போதாது. கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் அதிலிருந்து ஏடிபி மெதுவாகவே கிடைப்பதால், வேகம் குறைந்தே தீரும். வழியெங்கும் இனிப்புப் பானம் பருகுவது இதற்காகத்தான். கடும் உழைப்பில் தசையில் சேரும் லாக்டேட்மீது பலர் பழிபோட்டாலும், அது நஞ்சன்று; இதயத் தசை அதையும் எரிபொருளாகக் கொள்கிறது.