நெருங்குகிறவர்களை மனம் ஏன் விலக்குகிறது? சைக்கோடைனமிக் தெரபி பற்றி ஒரு விளக்கம்

கேள்வி: தேவகோட்டைக்கு அருகே வசிக்கிறேன், வயது 34. அப்பச்சி (அப்பா) மலேசியாவில் இருந்ததால் ஐந்து வயதிலிருந்து உறவினர் வீட்டில் வளர்ந்தேன். அங்கே பல ஆண்டுகள் அடியும் ஏச்சும்தான். கணவர் அன்பானவர். ஆனாலும் அவர் போனை எடுக்கத் தாமதித்தால்கூட என்னை வெறுக்கிறார் என்று தோன்றி, நாள்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறேன். தோழிகளையும் இப்படித்தான் இழந்தேன். மருத்துவர் சைக்கோடைனமிக் தெரபி என்ற பேச்சுவழிச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பழையதைப் பேசினால் இன்றைய உறவு எப்படி மாறும்?

பதில்: அந்த மௌனத்தை உங்கள் குணக்கேடு என்று எண்ண வேண்டாம். அடிப்பவரிடமே சோற்றுக்கும் படுக்கைக்கும் கையேந்த வேண்டியிருந்த குழந்தைக்கு, அவர் முகம் மாறுவதை முன்கூட்டியே கண்டுகொள்வதும், தன் தேவையை மறைத்து ஒதுங்கிக்கொள்வதும் தற்காப்பாக இருந்தன. ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், கணவர் எடுக்காத ஒரு போன் அழைப்பை மனம் அதே ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் நெடுங்காலம் நடந்த கொடுமை, ஒரே ஒரு விபத்தைவிட வேறு வகையான காயத்தை விட்டுச் செல்கிறது என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் விரிவாக எடுத்துரைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, இதைத் தனி நோயாகவே ஏற்றிருக்கிறது. நெருக்கமான உறவைத் தக்கவைக்க முடியாமல் போவது அதன் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே சொல்ல முடியும்.

பழையதைப் பேசுவதால் மட்டும் உறவு மாறிவிடாது. நினைவுக்கு வராததை மனிதர் செயலாகத் திரும்பத் திரும்ப நிகழ்த்துகிறார் என்று உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃபிராய்ட் 1914-இல் எழுதினார். இந்தச் சிகிச்சையின் அடித்தளமே அதுதான். கணவரிடம் நிகழ்வது சிகிச்சை அறையிலும் நிகழும். சிகிச்சையாளர் ஒரு வாரம் விடுப்பு எடுப்பார். அடுத்த வாரம் உங்களுக்குப் போகவே மனம் வராது. போனாலும் வாய் திறக்கத் தோன்றாது. அந்த நேரத்தில் அவர் கோபப்படாமலும் கைவிடாமலும், நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள், அவர் என்ன செய்வார் என்று பயந்தீர்கள், அதனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை உங்களோடு சேர்ந்து பொறுமையாக ஆராய்வார். அடி விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் கேள்வியும் கவனமும் கிடைப்பதை மனம் பலமுறை அனுபவித்த பிறகே பழைய முடிவு தளரத் தொடங்குகிறது. கோபத்தையும் ஏமாற்றத்தையும் வாயால் சொல்லிவிட்டு உறவில் தொடர முடியும் என்பதை அங்கே பழகியவர், அதை வீட்டிலும் செய்து பார்க்கத் துணிகிறார்.

நம் பக்கத்தில் இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் நன்றிக்கடன். வீட்டுப் பேச்சு முகப்பைத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, சோறு போட்டு வளர்த்தவர்களைக் குறை சொல்வது பாவமாகவே படும். அனுப்பிவைத்த அப்பச்சி மீதும் ஆத்தா மீதும் கோபம் இருக்கலாம் என்று நினைக்கவே உடல் பதறும். அப்படி விழுங்கப்பட்ட கோபம்தான் பல நேரங்களில் கணவர் மீது மௌனமாக இறங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. வளர்த்தவர்களிடம் நன்றியும் கோபமும் ஒருசேர இருக்கலாம். ஒன்றைச் சொல்வதால் மற்றது பொய்யாகாது. கிடைக்காமல் போன குழந்தைப் பருவத்துக்காக அழுவதும் சிகிச்சையின் பெரும்பகுதிதான்.

ஆனால் கொடுமையின் விவரங்களை முதல் வாரங்களிலேயே கிளறக் கூடாது. தூக்கம், பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைக் கவனித்து, பாதுகாப்பை உறுதிசெய்த பிறகே அங்கே போக வேண்டும். பழைய காட்சிகள் கண்முன் வந்து வாட்டுமானால், அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த இஎம்டிஆர் (கண்களை இடவலமாக அசைத்தபடி பழைய நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை) போன்ற முறைகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். இன்றைய வீட்டில் உண்மையிலேயே அடி நடந்தால், உங்கள் மன அமைப்பை ஆராய்வது முதல் வேலையல்ல. 181 பெண்கள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பொதுவாக வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம், ஓராண்டுக்கு மேலும் நீளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவெண்ணைக் கேட்கலாம்; தொடர் மனக்காயம் உள்ளவர்களோடு பணியாற்றிய பயிற்சி உண்டா என்றும் கேட்கலாம். காரைக்குடியில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தால் ஆன்லைனிலும் தொடரலாம். உங்கள் தகவலை இரகசியமாக வைத்திருப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. நெருக்கடி வந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அவமதிக்கும், எல்லை மீறும் சிகிச்சையாளரை விட்டு உடனே விலகுங்கள். மற்றபடி, "மனம் நொந்தால் நான் சொல்லாமல் நின்றுவிடுவேன்" என்று முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெரிவித்து, நிறுத்தத் தோன்றும்போது இன்னும் ஒரு முறையாவது வந்து பேசிவிட்டே முடிவெடுப்பது என்று இருவரும் அப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.